ஆக்சஸ் ஃபார்மில் பட்டனை அழுத்தினால் எக்செல் ஃபைல் திறக்க என்ன கோட் எழுத வேண்டும்?

ஃபைல் திறந்தால் மட்டும் போதுமா, இல்லை ஃபார்மில் இருக்கும் விவரம் அந்த ஷீட்டில் போய் விழவும் வேண்டுமா? இரண்டுக்கும் வழி வேறு.

திறந்தால் போதும் என்றால் பட்டனின் ஆன் கிளிக்கில் ஒரே வரிதான்: அப்ளிகேஷன்.ஃபாலோஹைப்பர்லிங்க், அதையடுத்து ஃபைலின் முழு பாத். சில மெஷினில் பாதுகாப்பு எச்சரிக்கை வரும், ஃபைல் பெயரில் ஹேஷ் குறி இருந்தால் தகராறு செய்யும், அவ்வளவுதான். ஷெல் கட்டளையைப் பலர் சொல்வார்கள். பாத்தில் இடைவெளி வந்தால் மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி போட்டு மாளாது. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்கு ஆக்சஸில் கணக்கு எழுதித் தருகிறேன். இங்கே பெரும்பாலும் இரண்டாவது தேவைதான். புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குப் போகும் லாட்டின் எடை, பை எண்ணிக்கை, 8 மி.மீ. காயா 7 மி.மீ. காயா என்பதெல்லாம் ஃபார்மில் இருக்கும். முதலாளிக்கு எக்செல்லில் பார்த்தால்தான் திருப்தி. இதற்கு கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் எக்செல்.அப்ளிகேஷனை எழுப்பி, வொர்க்புக்ஸ்.ஓப்பன் கொடுங்கள். இப்படி எழுப்பிய எக்செல் திரையில் தெரியாது, விசிபிளை ட்ரூ ஆக்க வேண்டும். ரெஃபரன்ஸில் எக்செல் லைப்ரரியை டிக் செய்தும் எழுதலாம்தான். ஆனால் உங்களிடம் புது ஆபீஸ், கடையில் பழைய ஆபீஸ் என்றால் அது மிஸ்ஸிங் ஆகி, சம்பந்தமே இல்லாத வரியெல்லாம் எரர் காட்டும்.

எழுதி முடித்ததும் வொர்க்புக்கை சேவ் செய்து மூடி, அப்புறம் குவிட், அதன் பிறகு வேரியபிளை நத்திங் ஆக்குங்கள். நடுவில் எரர் வந்தாலும் குவிட் ஓடும்படி எரர் ஹேண்ட்லர் வையுங்கள். இல்லாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் ஜன்னலே இல்லாத எக்செல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை அதே ஃபைல் 'ரீட் ஒன்லி' என்று திறக்கும். "தம்பி, ஃபைல் பூட்டிக்கிச்சு" என்று போன் வந்தால் பாதி நேரம் இதுதான் காரணம்.

பாத்தை கோடில் எழுதாதீர்கள். ஒரு மெஷினில் இசட் டிரைவாக இருப்பது இன்னொன்றில் ஒய்யாக இருக்கும். சர்வர் பெயரில் தொடங்கும் பாத்தை ஒரு டேபிளில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணக்கர் ஃபைலுக்கு மலையாளத்தில் பெயர் வைத்திருப்பார், கம்பத்திலிருந்து வருவது தமிழில் இருக்கும். கோட் எழுதும் விபிஏ எடிட்டரில் இரண்டுமே வெறும் கேள்விக்குறியாகிவிடும், டேபிளில் வைத்தால் சரியாக நிற்கும். இப்படிப்பட்ட பெயர் என்றால், திறப்பதற்கு முன் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கவும் விபிஏவின் டிர் கட்டளை உதவாது, கண் முன்னே இருக்கும் ஃபைலையே இல்லை என்று சொல்லும். ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டில் உள்ள ஃபைல்எக்ஸிஸ்ட்ஸைப் பயன்படுத்துங்கள்.