வாசகர் கேள்வி பதில்: கொலருக்குள் இருக்கும் கணக்கு

கேள்வி: வருடத்துக்கு ஏறக்குறைய 500 கோடி டொலருக்கு ஆடை ஏற்றுமதி செய்கிறோம் என்கிறார்கள். கிளிநொச்சி கார்மென்ட்ஸில் தைக்கிற என் மகளின் சம்பளத்தில் அது தெரியவில்லையே?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, அந்தக் காசு முழுவதும் இந்த நாட்டில் தங்குவதில்லை. மகள் தைக்கும் ஒரு சட்டையை எடுத்துப் பாருங்கள். துணி பெரும்பாலும் சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்திருக்கும், பொத்தானும் ஸிப்பும்கூட வெளியிலிருந்து வந்திருக்கலாம். இங்கே வெட்டி, தைத்து, கொலருக்குள் 'மேட் இன் ஸ்ரீலங்கா' லேபிள் வைத்துக் கப்பலேற்றும்போது துணியின் விலையும் சேர்ந்தே ஏற்றுமதிக் கணக்கில் ஏறுகிறது. அதைக் கழித்து மிஞ்சுவதில்தான் மகளின் சம்பளமும் முதலாளியின் லாபமும் கரண்ட் பில்லும் அடங்க வேண்டும். அப்புறம் அதே சட்டை அமெரிக்கக் கடையில் பல மடங்கு விலைக்குப் போகும், அந்த வித்தியாசம் பிராண்டுக்கும் கடைக்கும்தான், நம் கணக்குக்கே வராது.

வேலை கிடைத்தது உண்மை, வடக்கில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான். ஆனால் ஓடர் எங்கே போகும் என்று தீர்மானிப்பவர்கள் இங்கே இல்லை. வரியில்லாமல் ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்ப உதவும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை 2010 ஓகஸ்டில் பறிபோனது, 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கியது. மெஷினில் இருக்கும் பிள்ளை இதில் எதற்கும் பொறுப்பில்லை, ஆனால் ஓ.டி. (மேலதிக நேர வேலை) முதலில் வெட்டுப்படுவது அவளுக்குத்தான்.

என்னைக் கேட்டால், இன்னும் நாலு தையல் லைன் போடுவதை விட இங்கேயே துணி நெய்வதும் சாயம் போடுவதும்தான் முக்கியம். பின்னல் துணி ஓரளவு செய்கிறோம், நெய்த துணியில்தான் பெரிய குறை. சீனத் துணியை வாங்கி இங்கே வெறுமனே தைத்து அனுப்பினால் ஐரோப்பாவின் அந்தச் சலுகையும் கிடைக்காது.

கேள்வி: சரி, நம் நீலக்கால் நண்டும் அமெரிக்காவுக்குத்தானே போகிறது?
– ஒரு வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: போகிறது, ஆனால் கணக்கு வேறு. நண்டு நம் கடலில் பிடித்தது, அவித்துச் சதை எடுப்பது நம் பெண்கள், வெளியிலிருந்து வருவது எஞ்சினும் எரிபொருளும் வலையும் போலச் சிலதுதான். அதனால் ஒரு டொலருக்கு விற்றால் இங்கே நிற்கும் பங்கு சட்டையை விடக் கூட. விலையை மட்டும் அங்கேதான் வைக்கிறார்கள்.