சக்கரம் இழுக்காத ஸ்னோ புளோவர்

கேள்வி: எங்கள் ஸ்னோ புளோவரில் (பனி அகற்றும் இயந்திரம்) பனியை அள்ளும் சுருள் திருகான ஆகர் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் ஈரப்பனியில் சக்கரம் முன்னே இழுப்பதில்லை, ரப்பர் கருகும் நாற்றமும் வருகிறது. சக்கரத்தை ஓட்டும் பெல்ட்டை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: அவசரப்பட்டு பெல்ட் வாங்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, முதலில் டிரைவ் கேபிளைப் (கைப்பிடி லிவரிலிருந்து சக்கர இயக்கத்துக்குப் போகும் கம்பி) பாருங்கள். நாளடைவில் அது நீண்டு தொய்ந்துவிடும். லிவரை விட்டால் சிறு தொய்வும், அழுத்தினால் ஸ்பிரிங் விரிவதும் இருக்க வேண்டும். அட்ஜஸ்டரைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். மிகவும் இறுக்கினால் லிவரை விட்ட பிறகும் வண்டி தானாக நகரும், அது ஆபத்து.

அதிலும் சரியாகாவிட்டால் மூடியைக் கழற்றி பெல்ட்டைப் பாருங்கள். ஓரம் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, நூல் பிரிந்தாலோ, புல்லியின் பள்ளத்து அடியில் போய் உட்கார்ந்தாலோ ஆயுள் முடிந்தது. பெல்ட் நன்றாக இருந்தால், அடித்தகட்டைத் திறந்து, எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் உராய்வுச் சக்கரத்தின் ரப்பர் விளிம்பைச் சோதியுங்கள். பல வண்டிகளில் உண்மைக் குற்றவாளி அதுதான்.

பெல்ட்டை மாற்றும்போது அதன் காப்புக் கம்பியைத் தளர்த்தி, ஐட்லரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சிறு உருளை) விலக்கிக் கழற்றுங்கள். சில மாடல்களில் ஆகர் பெல்ட்டை முதலில் எடுக்க வேண்டும், சிலவற்றில் ஆகர் இருக்கும் முன்பக்கக் கூட்டையே பிரிக்க வேண்டும். வண்டியைச் சாய்ப்பதானால் பெட்ரோலை முன்பே வடித்துவிடுங்கள். ஐட்லரைக் கையால் சுழற்றிப் பாருங்கள்; கரகரத்தால் அதையும் மாற்றுங்கள், இல்லையேல் புது பெல்ட்டும் கருகும்.

அளவு ஒத்தாலும் கார் பெல்ட் வேண்டாம். வழுக்கிப் பிடிக்கும் வேலையை அது தாங்காது. மாடல் எண்ணைச் சொல்லி அதற்குரியதையே வாங்குங்கள்.