ஓடும் ரயிலைப் படமெடுக்க விலை உயர்ந்த லென்ஸ் வேண்டுமா?

கேள்வி: மலைச்சரிவு, பாலம், ஏரிக்கரை என்று இயற்கைக் காட்சிக்கு நடுவே போகும் ரயில்களைப் படமெடுக்க ஆசை. கையில் 24 மெகாபிக்ஸல் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. தூரத்தை இழுக்கும், வெளிச்சம் நுழையும் துளை பெரிய 70-200 எஃப் 2.8 லென்ஸும், நொடிக்கு 20 படம் எடுக்கும் புது கேமராவும் இல்லாமல் முடியாது என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். எஞ்சின் மட்டும் படத்தை அடைத்து நிற்க வேண்டும் என்பவருக்கு அவர் சொல்வது ஓரளவு பொருந்தும். உங்கள் படத்தில் பெரியது மலை, ரயில் சின்னது.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வையுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அந்த நேரத்தில் நகர்வது 3 செ.மீ.க்கும் குறைவு. உங்கள் படத்தின் குறுக்கே 200 மீட்டர் நிலம் அடங்குகிறது என்று வையுங்கள். அகலவாட்டில் 6000 பிக்ஸல் என்றால் ஒரு பிக்ஸலுக்கு 3.3 செ.மீ. ஆக, ஒரு பிக்ஸல் அளவுக்குக்கூட ரயில் கலங்காது. மலைப்பாதையில் மணிக்கு 40 கி.மீ.யில் ஏறுகிற வண்டிக்கு 1/500 நொடி தாராளம். இந்த ஷட்டர் வேகங்கள் உங்களிடம் இருக்கும் கேமராவிலேயே உண்டு.

ஃபோகஸ் கவலையும் வேண்டாம். ரயில் எங்கே வரும் என்பதைத் தண்டவாளம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது! அந்த இடத்தில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். மலையும் ரயிலும் சேர்ந்து தெளிவாக இருக்க எப்படியும் துளையைச் சிறிதாக்கி எஃப் 5.6 அல்லது 8-ல்தான் எடுப்பீர்கள். அப்புறம் 2.8-க்குக் காசு கொடுத்து, அந்தக் கனத்தையும் மேடேறிச் சுமப்பானேன்?

நொடிக்கு 20 படம் என்பது பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஷட்டர் கணக்கு. பல கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிடுவதால், கிட்டத்தில் குறுக்கே ஓடும் ரயில் சாய்ந்து போன பெட்டிகளாகப் பதிவாகும். மெக்கானிக்கல் ஷட்டரில் எத்தனை என்று கேளுங்கள், எண்ணிக்கை இறங்கும்.

செலவழித்தே தீர வேண்டுமென்றால் முதலில் லென்ஸின் முன்னால் மாட்டும் சர்க்குலர் போலரைஸர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். இலைகளிலும் நீரிலும் அடிக்கும் பளபளப்பைக் குறைத்துப் பச்சையைத் தெளிவாக்கும். சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போது வானத்தில் பலன் அதிகம். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்னும், அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, பழைய 55-200 அல்லது 70-300 லென்ஸ். தூரத்து வளைவை இழுத்துப் பிடிக்க அது போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கலாம். விலை எவ்வளவு இறங்கினாலும் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓடும் ரயிலின் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கவும் போலரைஸர் உதவுமா?

பதில்: போலரைஸர் போட்டால் சில ஜன்னல்களில் வானவில் திட்டுகள் விழும். அதற்குப் பதில் லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட் ஒன்று வாங்கிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். விலையும் குறைவு.