எந்த அனிமேஷன் புத்தகத்தை முதலில் வாங்குவது?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன், ஓரளவு வரைவேன். அனிமேஷனைப் புத்தகம் பார்த்தே கற்க முடியுமா? கடையில் கிடைப்பதெல்லாம் மென்பொருள் புத்தகங்களாகவே இருக்கின்றன.

பதில்: அவற்றை விடுங்கள். மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் அவை பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். முதலில் அனிமேஷன் கலைஞர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் எழுதிய 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'. 2001இல் வந்தது. ஒரு ஆள் நடப்பதையே பக்கம் பக்கமாக வரைந்து காட்டுகிறார். பாதம் ஊன்றியதும் எடை தாங்கி உடல் எங்கே தாழ்கிறது, அப்புறம் எங்கே எழும்புகிறது என்று அத்தனையும் இருக்கும், படித்தபின் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போகிறவர் வருகிறவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலம்தான், ஆனால் பாதி விஷயத்தைப் படங்களே சொல்லிவிடும்.

அடுத்தது டிஸ்னி கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' (1981). அனிமேஷனின் 12 அடிப்படை விதிகள் பரவலாகத் தெரியவந்தது இதனால்தான். கனமான புத்தகம், விலையும் அப்படியே. நூலகத்தில் கிடைத்தால் பணம் மிச்சம்.

சரி, வாசித்தால் மட்டும் கை வராது. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் ஓடும். நீங்கள் வரையும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். பழைய நோட்டின் ஓரத்தில் ஒரு பந்து துள்ளுவதை வரைந்து, பக்கங்களைச் சர்ரென்று புரட்டிப் பாருங்கள். தரையில் மோதும்போது பந்து நசுங்க வேண்டும், ஆனால் அதன் கன அளவு குறைந்ததாகத் தெரியக் கூடாது. முதல் முறை பந்து இட்லி மாதிரிதான் வரும், பரவாயில்லை.