31 வயது மாணவன்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய இயக்குநர் ததாஷி இமாய் 1949இல் இயக்கிய ‘அஓய் சன்மியாகு’ (நீல மலைத்தொடர்) படத்தின் முதல் பாகத்தைப் பார்த்தேன். போலிக் காதல் கடிதம், பள்ளியில் சண்டை, பாட்டு என எல்லாம் இனிப்பாகவே இருக்கிறது. மாணவனாக வரும் ரியோ இகேபே வாத்தியார் போலிருக்கிறார், சிரித்துவிட்டேன். இது இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு அரசு சொல்லிக்கொடுத்த பாடம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்கிரமிப்பு அதிகாரிகள் இத்தகைய படங்களை விரும்பினார்கள் என்பது உண்மை. அதற்கு மேல் அந்தக் கேள்வியில் எதுவும் இல்லை. திருமணத்துக்கு இருவரின் சம்மதமே போதும் என்ற ஜப்பானின் புதிய அரசியல் சட்டம் 1947 மே மாதம் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு யோஜிரோ இஷிசாகா ‘அசாஹி’ நாளிதழில் எழுதிய தொடர்கதைதான் படத்துக்கு மூலம். ஒரு பையனோடு பழகிய ஷின்கோவுக்கு வகுப்புத் தோழிகளே போலிக் கடிதம் எழுதுகிறார்கள்; பள்ளியின் மானத்துக்காகச் செய்தோம் என்கிறார்கள். அது தவறு என்று சொன்ன ஆசிரியை மீது ஊர்ப் பெரியவர்கள் பாய்கிறார்கள். சட்டம் மாறியும் மாறாத அந்த ஊரை எந்த அமெரிக்கரும் கற்பனை செய்து தரவில்லை.

உங்கள் சிரிப்பைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. போரிலிருந்து திரும்பிய நடிகர்களைப் பற்றிச் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கோபமாகவே சொல்கிறேன், நீங்கள் பார்க்காமல் சிரித்திருக்கிறீர்கள். 1918இல் பிறந்த இகேபே, இருபதுகளில் படைக்கு எடுக்கப்பட்டு, சீனாவிலும் பின்னர் இன்றைய இந்தோனேசியாவின் ஹல்மஹேரா தீவிலும் இருந்து, தோல்விக்குப் பிறகு 1946இல் ஊர் திரும்பியவர். அவரோடு ஷின்கோவாக நடிக்கும் யோகோ சுகிக்கு அப்போது 20 வயது. ஒரு பெண்ணிடம் பேசத் தயங்கும் வயதை இராணுவத்தில் கழித்துவிட்டவர், 31 வயதில் கேமராவின் முன் அந்தத் தயக்கத்தை முதலிலிருந்து தொடங்குகிறார். அவருடைய முகத்தின் முதிர்ச்சியை நீங்கள் ஒப்பனைக் குறையாகக் கண்டீர்கள். அரங்கில் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அது தங்கள் முகமாக இருந்திருக்கும்.

அவர் மட்டுமல்ல. ஆசிரியையாக நடித்த செத்சுகோ ஹாராவும் இயக்குநர் இமாயும், அன்று ஜப்பானின் பிடியிலிருந்த கொரியாவின் எல்லைக் காவலர்களைப் போற்றும் போர்க்காலப் படமொன்றில் 1943இல் சேர்ந்து பணியாற்றியவர்கள். நீங்கள் இனிப்பு என்று ஒதுக்கிய பாட்டின் வரிகளை எழுதிய யாசோ சாய்ஜோ, அதே 1943இல் கடற்படை விமானப் பயிற்சியில் சேர்ந்த சிறுவர்களைப் புகழ்ந்து பாட்டெழுதியவர். அதைப் பாடியபடி தம்பிகளை வழியனுப்பிய அக்காக்கள், ஆறே ஆண்டுகளில் அதே கவிஞரின் சொற்களில் இளமையை வாழ்த்திப் பாடினார்கள். அவர்கள் ஏமாளிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. தங்களிடமிருந்து பறிக்கப்பட்டது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது திரும்பி வராது என்பதும் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டை இனிப்பு என்று ஒதுக்கும் உரிமை நம் இருவருக்கும் இல்லை.

முதல் பாகம் வந்த அதே 1949 ஜூலையில் இரண்டாம் பாகமும் வெளியானது. இகேபேயின் முகத்தை மட்டுமாவது கவனித்து அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் எழுதுங்கள்.