சிறு வயதில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாதா? மறுபடியும் முழுக்கு எடுக்க வேண்டுமா?

கைக்குழந்தையாக இருந்தபோது சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இப்போது போகிற சபையில் "அது தெளிப்பு, செல்லாது, முழுக்கு எடுங்க" என்கிறார்கள், வேதம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியூரில் வேலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை. எடுத்துவிட்டுத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பதில்: வேண்டாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை இருபது வருடமாக மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறேன்.

நான் 1982-ல், திருநெல்வேலிப் பக்கம், ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஒன்றரை கிலோகூட இல்லை. விடியும்வரை தாங்காது என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஐயர் (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இருந்தது பக்கத்துச் சேகரத்தில், அதாவது பக்கத்துச் சபை வட்டாரத்தில். இராத்திரி இரண்டு மணிக்கு பஸ் கிடையாது, போன் கிடையாது. அப்போது ட்யூட்டியில் இருந்த சிஸ்டர் அம்மாவிடம் வந்து, "என்ன பேரு வைக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். பேர் யோசித்தே வைக்கவில்லை. வாயில் வந்தது ஆச்சி பேர்தான். சிஸ்டர் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஆறவைத்த வெந்நீர் எடுத்து, என்னைக் கதகதப்பாக வைத்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு, என் நெற்றியில் மூன்று தரம் ஊற்றினார். கொட்டினால் குளிர்ந்துவிடும் என்று சொட்டுச் சொட்டாக ஊற்றி, ஒவ்வொரு தரமும் பஞ்சால் துடைத்தார் என்று அம்மா சொல்வாள். என் ஞானஸ்நானம் அவ்வளவுதான். கோயில் இல்லை, பாட்டு இல்லை, வெள்ளை கவுன் இல்லை.

பிழைத்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்துக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, ஐயர் பழைய ஜெப புஸ்தகத்து முறைப்படி சபையார் முன்னால் கேள்வி கேட்டாராம். யார் கொடுத்தது? யார் யார் கூட இருந்தார்கள்? எதைக் கொண்டு கொடுத்தது? என்ன வார்த்தை சொன்னது? அந்த சிஸ்டரே வந்து நின்று பதில் சொன்னார். ஐயர் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுச் சபையில் சேர்த்துக்கொண்டார்.

2004-ல் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். கூட இருந்த அக்காமார் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போன சபையில் உண்மையாகவே என் மனம் உடைந்தது. அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஜெபிக்கப் பழகியது அங்கேதான். ஆறு மாதம் ஆனதும், "முழுக்கு எடுக்காம திருவிருந்துல கை நீட்டக் கூடாது" என்றார்கள். ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் வாங்குவதுதான் திருவிருந்து. அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். எபேசுவில் ஏற்கெனவே ஸ்நானம் பெற்ற ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குப் பவுல் மறுபடியும் கொடுத்தாரே, உனக்கு என்ன தடை என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மேடையின் பலகையை எடுத்தால் அடியில் தொட்டி. தண்ணீர் இடுப்புக்கு மேல். பாஸ்டர் ஒரு கையை முதுகில் வைத்துச் சாய்த்தார். காது அடைத்து, மேலே பாடுகிற சத்தம் தூரத்தில் போய், திரும்பி வந்தது. அழுதுகொண்டே எழுந்தேன். சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "ஏட்டி, அப்போ அன்னிக்கு சிஸ்டர் ஊத்துனது வெறுந் தண்ணியா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேதத்தை உட்கார்ந்து வாசித்தேன். எபேசுவில் இருந்தவர்கள் பெற்றிருந்தது யோவான்ஸ்நானகன் கொடுத்த மனந்திரும்புதலின் ஸ்நானம். பரிசுத்த ஆவி உண்டென்பதைக் கேள்விப்படவும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஒருதரம் பெற்றவருக்கு இரண்டாந்தரம் கொடுத்ததாக நான் தேடின வரைக்கும் புதிய ஏற்பாட்டில் ஓர் இடமும் இல்லை. எபேசியர் 4:5 "ஒரே ஞானஸ்நானம்" என்கிறது.

'பாப்டிசோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குவது என்றுதான் அர்த்தம் என்பார்கள். முக்குவது என்ற அர்த்தம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்கு 7:4-ல் கிண்ணங்களையும் செம்புகளையும் கழுவுவதற்கும் அந்தச் சொல்லின் வழி வந்த சொல்தான் வருகிறது. ஆதி சபையின் போதனை நூலான டிடாக்கேயில், ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்று இருக்கிறது. 1662-ஆம் வருடத்து ஆங்கிலிக்கன் ஜெப புஸ்தகமும் குழந்தை தாங்குமானால் முக்கச் சொல்கிறது, பலவீனமாக இருந்தால் ஊற்றினால் போதும் என்கிறது. முழுக்கு நல்ல அடையாளம்தான். தண்ணீரின் அளவை வைத்து ஒருவருடையதைச் செல்லாது என்று சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது.

என்னைத் திருப்பிப்போட்டது ரோமர் 6:4. ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட "அடக்கம்பண்ணப்பட்டோம்" என்று இருக்கிறது. அடக்கம்பண்ணிக்கொண்டோம் என்று இல்லை. எவரும் தன்னைத் தானே அடக்கம் செய்துகொள்ள முடியாது. பிறர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் அந்தப் பெட்டிக்குள் கிடந்தபோது எனக்கு விசுவாசம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்தது. பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில் பவுல், சீலாவின் காயங்களைக் கழுவுகிறான். உடனே அவனும் அவனுடையவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த வீட்டில் தொட்டில் இருந்ததா என்று அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா எழுதவில்லை. இருந்தது என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு முழுவதும் ஒரே இராத்திரியில் உள்ளே வந்தது.

முழுக்கு கொடுக்கிற பெந்தெகொஸ்தே சகோதரர்கள் கோபப்பட வேண்டாம். 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் பெரியவர்களாகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை, 1527 ஜனவரியில் கை கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றதும் கிறிஸ்தவர்கள்தான். தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்களை நான் குறைவாகப் பேச மாட்டேன். சிஎஸ்ஐயில் அதற்குத்தான், விவரம் தெரிந்த வயதில் சபை முன்னால் அறிக்கையிடுகிற திடப்படுத்தல் இருக்கிறது. ஆனால் பல சேகரங்களில் அதைப் பத்து நாள் வகுப்பும் ஒரு போட்டோவுமாக முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வெளியே போய்த் தேடுவதற்கு அதுவும் காரணம்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை லிட்டர் தண்ணீர் என்று இவ்வளவு சண்டை போடுகிற நாம், கலாத்தியர் 3:27-28-க்கு ஏன் சண்டை போடுவதில்லை? ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள், யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்கிறது. தெளிப்பு வாங்கினவர், முழுக்கு எடுத்தவர் இரண்டு பேர் வீட்டு வரன் விளம்பரத்திலும் முதல் வரி சாதிதான். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே வேறு வேறு. 1950-ஆம் வருடத்து ஜனாதிபதி ஆணையால், ஞானஸ்நானம் பெற்ற தலித் பட்டியல் சாதிச் சலுகையை இழக்கிறார். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அதைத் திருத்தினார்கள், கிறிஸ்தவருக்கு இல்லை. சர்க்கார் சாதி போய்விட்டது என்கிறது, கோயிலில் போகவில்லை. என் தோழி ஒருத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று படிப்பை விட்டாள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிய சபையில் உங்களுக்கு நன்மை கிடைத்திருந்தால் அங்கேயே இருங்கள். ஆனால் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் ஊருக்கு ஒருதரம் போய், கோயில் ஆபீஸில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் என் கல்யாணத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் முதல் தடவை பார்த்தேன். செல்லரித்த பெரிய நோட்டு. மற்ற எல்லா வரிசையிலும் "ஞானஸ்நானம் கொடுத்தவர்" என்ற கட்டத்தில் ஐயரின் கையெழுத்து. என் வரிசையில் மட்டும் அந்த சிஸ்டரின் பெயரை ஐயர் தன் கையாலேயே முழுதாக எழுதியிருந்தார். அம்மா அதன்மேல் விரலை வைத்து ஒருதரம் வாசித்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.