எலிக்கு ஏன் அந்தச் சந்தேகம்? – வாசகர் கேள்விகள்

கடையில் எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு வைக்கிறோம். பிழைத்த எலி மறுபடி அதைத் தொடுவதே இல்லை. விஷம் என்று எப்படித் தெரிகிறது?

விஷம் என்று தெரியாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். அதனால் புதுத் தீனியைக் கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். சில மணி நேரம் கழித்து வயிற்றைப் புரட்டினாலும், தின்றதன் சுவையோடு அதை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்படி ஒதுக்கத் தெரிந்த எலிகளே பிழைத்துக் குட்டி போட்டன.

1966இல் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோயலிங்கும் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எலி இனிப்புத் தண்ணீரை நக்கும்போதெல்லாம் விளக்கு மின்னும், சத்தம் கேட்கும். பிறகு சில எலிகளுக்குக் குமட்டல் வரவழைத்தார்கள், சிலவற்றுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். குமட்டியவை இனிப்பை ஒதுக்கின. ஒளியையும் ஒலியையும் சட்டை செய்யவில்லை. அதிர்ச்சி வாங்கியவை நேர்மாறு. எதை எதோடு சேர்த்துக் கற்க வேண்டும் என்பதிலேயே பரிணாமத்தின் கை இருக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது: இரண்டு மூன்று நாள் மருந்து கலக்காத தீனியை வைத்துப் பழக்குங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகள் நாள்கணக்கில் மெல்ல வேலை செய்வதால், எலி அவற்றைச் சந்தேகிப்பதில்லை.

கோழி அடைகாத்த வாத்துக்குஞ்சுகள் கோழி பின்னால் போகின்றன, குளத்தைக் கண்டால் மட்டும் இறங்கிவிடுகின்றனவே?

நீச்சல் பிறவியிலேயே வருவது. தாய் யார் என்பது, பொரிந்த முதல் ஓரிரு நாளில் கண்முன் நடமாடுவதைப் பார்த்துப் பதிவது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் பின்னால் வாத்துக்குஞ்சுகள் ஓடியதும் இதனால்தான்.

அவ்வளவு கெட்டிக்காரக் காகம் குயில் குஞ்சுக்கு ஏன் இரை ஊட்டுகிறது?

தன் கூட்டில் வாய் பிளக்கும் குஞ்சுக்கு ஊட்டு என்பது பெரும்பாலும் பலிக்கிற விதி. அதில் சந்தேகப்பட்டால் சொந்தக் குஞ்சையே தள்ளிவிடும் ஆபத்து. ஐரோப்பியக் குயில் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். நம் குயில் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை, காகத்துக்குச் சில குஞ்சுகளாவது மிஞ்சும். அதற்காகக் காகம் சும்மா இருப்பதில்லை: கூட்டருகே குயில் வந்தால் துரத்தும்.

குஞ்சு பொரிந்ததும் பறவைகள் முட்டை ஓட்டைத் தூக்கிப்போவது சுத்தத்துக்கா?

கருந்தலைக் கடற்காகத்தை வைத்து விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்கன் இதைச் சோதித்தார். முட்டைக்குப் பக்கத்தில் உடைந்த ஓட்டைப் போட்டபோது, உள்பக்க வெள்ளை காட்டிக்கொடுக்க, காகங்கள் அதிக முட்டைகளைக் கொண்டுபோயின. ஆனாலும் தாய்ப்பறவை உடனே ஓட்டை எடுத்துப் போவதில்லை, குஞ்சு உலரும்வரை காத்திருக்கும். ஈரக் குஞ்சைப் பக்கத்துக் கூட்டுக் கடற்காகமே விழுங்கிவிடும். உலர்ந்து புசுபுசுவென்று ஆனதை விழுங்குவது சிரமம். எதிரிகள் எளிதில் எட்டாத செங்குத்துப் பாறையில் கூடுகட்டும் கிட்டிவேக் என்ற இனமோ ஓட்டை அப்புறப்படுத்துவதே இல்லை.